அவரை பூத்தால் வருவேன்

எங்கள் வீட்டில் அவரைக்காய் சமைப்பதில்லை. கடற்கரை வீட்டில் காய்கறிக்கு என்ன பெரிய வழக்கு என்று கேட்பீர்கள். வழக்குத்தான். சந்தையில் அவரையைக் கூறுகட்டி வைத்திருப்பவளைக் கண்டால் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். வாங்கவும் மாட்டேன், நகரவும் மாட்டேன். முற்றல் என்பேன், பூச்சி என்பேன். "வாங்காட்டிப் போங்கத்தா, காயை எதுக்கு வையிறீக?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். அவள் கேட்டது நியாயம். அவளுக்குச் சொல்லாமல் வந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாம்பன் தீவில் பிறந்தவள். மதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். பிறகு அதே பள்ளிக்கூடத்தில், சிலேட்டுப் பிடிக்கத் தெரியாத பொடிப்பிள்ளைகளை இரண்டு வருஷம் மேய்த்தேன். கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகளே சிரிக்கும். கல்யாணம் நிச்சயமாகி விடைபெறப் போன அன்று, வயதான மதர் ஒருவர் அலமாரியைத் திறந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். "உனக்குப் பிறக்கப் போறதுக்கு" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அதை யாருக்கும் கொடுக்காமல் சேலைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டேன்.

கப்பலில் வந்த புத்தகம் அது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத்து. அது எந்தத் தேசத்து மொழி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததும் நல்லதுதான், கதையை நானே சொல்லிக்கொண்டேன். முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கை விதையை மண்ணில் வைக்கும். அடுத்து மழை. அடுத்து முளை, இரண்டு இலை, தண்டு, வண்ணத்துப்பூச்சி, மொட்டு என்று பக்கம் பக்கமாகப் போய், கடைசிப் பக்கம் முழுக்கப் பூவாக நிற்கும். அந்தப் பூக்களின் நடுவே ஒரு தாயும் ஒரு சிறுமியும் கைகோத்து நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று முற்றத்தில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தார். அவளுக்கு மூன்று வயது முடிந்ததும் பக்கத்தில் இன்னொன்று வைத்தார். எங்கள் பக்கத்தில் தென்னம்பிள்ளை வைக்கிற குழியில் உப்பும் சாம்பலும் போடுவது வழக்கம். இரண்டாவது குழிக்கு உப்புப் போட்டவள் மகள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"உப்பு எதுக்கும்மா?"

"அப்பத்தான் சுருக்கா வளரும். நீ உப்பில்லாக் கஞ்சி குடிப்பியா? அதுக்கும் அப்படித்தான்."

இதைச் சொன்னது நான்தான். அவள் அய்யா வாயே திறக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதையடுத்த ஒன்றரை வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நான் எரிந்து விழாமல் இருந்த காலம் என்று நினைக்கிறேன். காலை வேலை முடிந்ததும் இருவரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவோம். படத்தில் எது இருக்கிறதோ அதைப் போல ஒன்றை எங்கள் மணலில் தேடிப் பிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. படத்தில் ஊதா நிறத்தில் மணிப்பூ இருந்தால் எங்களுக்குக் கரையில் படர்ந்த அடப்பங்கொடிப் பூ. படத்தில் பஞ்சுப் பஞ்சாக ஒரு விதை பறந்தால், எங்களுக்கு இராவணன் மீசை. முள்ளுமுள்ளாக உருண்டையாக இருக்கும் அந்தப் புல்லின் கதிர் காற்றடித்தால் மணலில் ஓடும். அதைப் பிடிக்க அவளும் ஓடுவாள். அவளைப் பிடிக்க நான் ஓடுவேன். ஊர்ப் பெண்கள் கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டே, "எட்டாவது படிச்சவ மண்ணுல உருளுறா பாரு" என்று சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

படத்துச் சிறுமியின் கன்னம் சிவப்பாக இருக்கும். "இவளுக்குக் காய்ச்சலாம்மா?" என்று கேட்டாள் மகள். மூக்கு நீண்ட வாளி ஒன்றால் அந்தச் சிறுமி தண்ணீர் தெளிப்பாள். அதேபோல வேண்டும் என்று இவள் பிடித்த பிடிவாதத்தில், அவள் அய்யா ஒரு பழைய டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த நல்ல தண்ணீரை அந்த டின்னில் ஊற்றி ஓடிவருவாள். செடிக்கு வருவதற்குள் பாதி அவள் பாவாடையில் ஒழுகிவிடும்.

உடைந்த பானையிலும் டின்னிலும் ஆட்டுப் புழுக்கை கலந்து கீரை, அந்திமந்தாரை என்று எது கிடைத்தாலும் போட்டோம். உப்புக்காற்றில் பிழைத்ததைவிடக் கருகியதுதான் அதிகம். ஒவ்வொன்று கருகும்போதும் அவள் அதை மணலில் புதைத்து, ஈர்க்குச்சியை ஒடித்துச் சிலுவை நட்டு, "இதுக்குப் பூசை வைக்கணும்" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொண்டு மாதாவின் அருள்நிறை மந்திரம் சொல்வேன். பதினோரு அந்திமந்தாரைக் கன்று போனபிறகு பன்னிரண்டாவது ஒருநாள் சாயங்காலம் பூத்தது. ஊரில் ஒரு வீடு விடாமல் போய்க் கூட்டிவந்து காட்டினாள்.

பிறகு எனக்கு இருமல் வந்தது.

முதலில் கருவாட்டுத் தூசி என்றார்கள். ஒரு ஆனி மாதம், அடுப்படியில் இருமிவிட்டுக் கையைப் பார்த்தபோது ரத்தம் இருந்தது. இராமநாதபுரத்தில் டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, காசநோய் என்றார். வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க எழுதிப்போடுவதாகவும், ஏழெட்டு மாதமாவது அங்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் கடைசியாகச் சொன்னதுதான் என் காதில் விழுந்தது. "பிள்ளையைக் கிட்டச் சேக்காதீங்க. தொடக் கூடாது, மூச்சுப் படக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் துடுப்பை எடுத்து முற்றத்து மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் என் கட்டில். "கோட்டைத் தாண்டினா அம்மாவுக்கு நோவு கூடிரும்" என்று அவளிடம் சொன்னார். காற்று கோட்டை அழித்துவிடும். காலையில் எழுந்ததும் அவளே ஒரு குச்சியால் அதே இடத்தில் மறுபடி இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் உட்காருவாள்.

புத்தகம் அவள் கையில்தான் இருந்தது. நான் தொட்டதை அவள் தொடக் கூடாது என்பதால் நான் அதைத் தொடவே இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குப் படம் தெரியாது, ஆனால் மனப்பாடம். "திருப்பு" என்பேன். திருப்புவாள். "என்ன வந்திருக்கு?" "மழை." "மழை என்ன செய்யுது?" "விதையை எழுப்புது." "எப்படி எழுப்புது?" "ஏலே, எந்திரிலேன்னு." இப்படியே கடைசிப் பக்கம் வரும். அதில் தாயும் மகளும் கைகோத்து நிற்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு மூடிவிடுவாள்.

அவளை என் நாத்தனார் வீட்டில் விடுவது என்று முடிவானது. மதினி என்றுதான் நான் கூப்பிடுவேன், வீட்டுக்காரருக்கு மூத்தவர். அவர் கணவர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோயில் உபதேசியார், சாமியார் வராத நாளில் செபம் நடத்துகிறவர். கோயிலுக்குப் பக்கத்தில் வீடும், வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் மிளகாயும், இரண்டு ஆடும் உண்டு. பிள்ளை கிடையாது. ஆடி பிறந்ததும் மதினி கூட்டிப்போக வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, "இந்தா, எங்கூரு அவரை" என்று நாலு விதையை மகளின் கையில் வைத்தார். கறுப்பு விதை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. மகள் அதை வாங்கிக்கொண்டாள், ஆனால் புறப்பட மறுத்து வாசல் கம்பைக் கட்டிக்கொண்டாள்.

"நீயும் வா."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்த்தா."

"எப்ப வருவ?"

எட்டு மாதம் என்றால் நாலரை வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? மாதம் அவளுக்குத் தெரியாது. செடி தெரியும். ஆடியில் போடுகிற அவரை எப்போது பூக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் மணலில் வளர்ந்தவள். தை, மாசிக்கு மேல் ஆகும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மதினியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டாவது படித்த திமிர்.

"அத்தை ஊர்ல போயி விதையைப் போடு. தெனமும் தண்ணி ஊத்து. கொடி ஏறும், மொட்டு விடும். பூத்த அன்னைக்கு அம்மா அங்கன வந்து நிப்பேன். புத்தகத்துல கடைசிப் பக்கத்துல நிக்கிறாங்கள்ல, அது மாதிரி."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

அதைக் கேட்டபிறகுதான் கம்பை விட்டாள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விதையை மூடிய கையைத் திறக்காமல், அத்தையோடு ரயிலடிக்குப் போனாள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். ஒரு தடவை தொட்டு அனுப்பக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினம் ஒரு ஊசி, குமட்டுகிற மாத்திரை, முட்டை, பால், படுக்கை. என் நாக்குக்குப் பயந்து தாதிகள் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள். எனக்கு நாள்காட்டி, மதினியின் கணவர் உபதேசியார் அண்ணன் எழுதுகிற தபால் கார்டுகள்தான். ஆவணியில், "நாலில் மூன்று முளைத்தது. பிள்ளை சாப்பிடுகிறது" என்று வந்தது. அடுத்ததில், "இரண்டு பட்டுவிட்டது. ஒன்று தேறிவிட்டது. பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது" என்று இருந்தது. ஐப்பசியில், நல்ல மழை, கொடி பந்தலைத் தொட்டுவிட்டது என்று எழுதினார். ஒவ்வொரு கார்டையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நானும் அந்தக் கொடியோடு ஏறிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் வந்த கார்டில் இருந்தது: "சந்தோஷச் செய்தி. கொடி பந்தலுக்கு மேலே மொட்டு வைத்திருக்கிறது. பிள்ளைக்கு இன்னும் காட்டவில்லை. பூத்தால் அம்மா வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது. எப்போது வருவதாக உத்தேசம்?"

டாக்டரிடம் ஓடினேன். இன்னும் நாலு மாதம் என்றார். ஒரே ஒருநாள் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். சளியில் இன்னும் கிருமி இருக்கிறது, பிள்ளையைக் கொல்லப் போகிறாயா என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி, "பூக்கட்டும். பிள்ளை நாலு நாள் அழும், பெறகு மறந்துரும்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அந்த 'மறந்துரும்' நெஞ்சில் போய்க் குத்தியது. மாதா மேல் சத்தியம் பண்ணியிருக்கிறேன். பூ பூத்து, அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, பொழுது சாய்ந்து, நான் வரவில்லையென்றால்? அவள் அழுவாள் என்பதைவிட, நான் பொய்க்காரி ஆகிவிடுவேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கே எழுதிப்போட்டேன். "மதினி, மொட்டைக் கிள்ளிவிடுங்கள். நான் வருகிறவரை ஒன்றும் பூக்கக் கூடாது. பிள்ளை பார்ப்பதற்கு முன்னால் கிள்ளிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்."

மதினிக்கு எழுத்துத் தெரியாது, அண்ணன்தான் வாசித்துச் சொல்லியிருப்பார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "எழுதியபடி செய்கிறோம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த கார்டுகளில் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. காரியம் முடிந்தது, நான் போகும்போது கிள்ளுவதை நிறுத்தினால் தானாகப் பூக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நம் கணக்கு நமக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

பங்குனியில் மூன்று தடவை சளியைப் பார்த்துவிட்டு, கிருமி இல்லை, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு நேரே முதுகுளத்தூர் போனார். அங்கிருந்து கிராமத்துக்கு நடந்தோம். வழியெல்லாம் களத்தில் மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. நெடியில் எனக்கு இருமல் வந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, மொளகாதான்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

மகள் வாசலில் ஆட்டுக்குட்டிக்குக் குழை கொடுத்துக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஓடிவருவாள் என்று நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் வரவில்லை. கால் கட்டைவிரலால் மண்ணில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"கோடு வேண்டாம்த்தா. அம்மாவுக்கு நல்லாயிருச்சு."

அவள் என்னையும் பார்த்தாள், கொல்லைப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் பூக்கலையே. நீ எப்படி வந்த?"

கோட்டைத் தாண்டிப் போய் அவளைத் தூக்கினேன். தூக்கவிட்டாள். ஆனால் கட்டிக்கொள்ளவில்லை, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கொல்லையைக் காட்டினாள்.

அவரைப் பந்தல் காய்ந்து சருகாக இருந்தது. பச்சை என்று ஒரு இலை இல்லை. அந்தச் சருகுக் கொடியில் அங்கங்கே நூலால் கட்டின தாள் துண்டுகள் தொங்கின. கிட்டப் போய்ப் பார்த்தேன். மஞ்சளும் ஊதாவுமாக, பனியில் நனைந்து வெயிலில் வெளுத்துப்போன பூக்கள். படப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் பூக்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கட்டியிருந்தாள்.

"பாலனுக்கு மாமா தாள்ப் பூக் கட்டுனாரு, பாலன் வந்துட்டாரு. நானும் உனக்குக் கட்டுனேன். நீ வரல" என்றாள்.

கிறிஸ்மஸுக்குக் கோயிலில் தாள்ப் பூத் தோரணம் கட்டிக் குடிலில் இயேசு பாலனை வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த நியாயம் அது. அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். குறையாகச் சொல்லியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன்.

மதினி அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் பேசினார்.

"பிள்ளை எந்திரிக்குமுன்ன எந்திரிச்சு, தெனமும் கிள்ளினேன்த்தா. கிள்ளக் கிள்ள அது வெறிகொண்டு மொட்டு வச்சுச்சு. ஒருநா ரெண்டு பூ விரிஞ்சே போச்சு, கத்திரிப்பூ நெறத்துல. அதையும் பறிச்சு ஆட்டுக்குப் போட்டேன். பூக்கிற கொடியைக் கிள்ளுற வேலையை ஏங்கிட்டயா சொல்லணும்? ஏற்கெனவே எனக்கு வயிறு தொறக்கலன்னு ஊரு பேசுது."

அவருக்கு அது எப்படியிருக்கும் என்று எழுதும்போது நான் நினைக்கவே இல்லை. புண்ணியமாகப் போகும் என்று வேறு எழுதியிருந்தேன். அவர் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டு உலையைப் பார்க்கத் திரும்பினார்.

"பெறகு எப்படி மதினி பட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

"தெரியல. தை மாசம் திடீர்னு வாடுச்சு. நாலு நாளுல போச்சு. நம்ம செஞ்ச பாவம்னு நெனச்சுக்கிட்டேன்."

காரணம், மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பும்போது ரயிலில் வைத்துத்தான் தெரிந்தது. மண்டபம் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. மகள் அதுவரை சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவள், என் மடியில் வந்து ஏறி, என் காதில் வாயை வைத்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் மூச்சு என் மேல் பட்டது அப்போதுதான்.

"அம்மா, கொடியை நாந்தான் கொன்னுட்டேன்."

"நீ என்னடி செஞ்ச?"

"பூக்கவே இல்லையா, அதான் சுருக்கா வளரட்டும்னு உப்புப் போட்டேன். அத்தை பானையில இருந்து ரெண்டு கை. நம்ம தென்னைக்குப் போட்டோம்ல. மறுநாளும் போட்டேன். அது வாடிருச்சு. அத்தைகிட்டச் சொல்லல."

எங்கள் ஊர்ப் பிள்ளையைத் தவிர வேறு எந்தப் பிள்ளையும் செய்யாத காரியம். உள்நாட்டுப் பிள்ளைக்கு உப்பு, சோற்றுக்குப் போடுகிற சாமான். என் பிள்ளைக்கு அது செடிக்கு ஊட்டுகிற சோறு. நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கொடி பூத்தது, நான்தான் கிள்ளச் சொன்னேன், கிள்ளாமல் விட்டிருந்தால் நீ உப்புப் போட்டிருக்கவே மாட்டாய் என்று சொல்லியிருக்க வேண்டும். எதிரே அவள் அய்யா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மடியில் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள், சொன்னால் இறங்கிவிடுவாள் என்று பயந்தேன். அவள் தலையைத் தடவி, "போகட்டும் விடு, தெரியாமத்தான செஞ்ச" என்றேன். பழியை ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அதை மன்னிக்கிற மகராசியாகவும் ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் டின்களைத் தொடவில்லை. ஓட்டை போட்ட வாளியில் சிப்பி பொறுக்கி வைத்துக்கொண்டாள். புத்தகத்தை எடுத்து வைத்து, "வா, இராவணன் மீசை பிடிப்போம்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தாள். ஓடவும் ஓடினாள். கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டாள். பூ இருந்த இடமெல்லாம் ஓட்டை. நடுவில் அந்தத் தாயும் மகளும் மட்டும் கைகோத்து நின்றார்கள். செடி ஏதாவது வைக்கலாமா என்று கேட்டால், "நீ வையி. ஏங்கைக்கு ஆகாது" என்பாள். அந்த வயதில் அந்தப் பேச்சை எங்கே பிடித்தாளோ.

சரியாகிவிடும் என்று இருந்தேன். வருஷம் போனது. ஒரு தம்பி பிறந்தான். அவனுக்கும் அதே புத்தகத்தைக் காட்டினேன், அவன் விதைத்தான், அவள் வேடிக்கை பார்த்தாள். பெரிய புயல் அடித்து ஓய்ந்தது. முற்றத்தில் அவள் ஞானஸ்நானத்துக்கு வைத்த தென்னை முறிந்தது. அவள் உப்புப் போட்ட தென்னை நின்றது. அடுத்த வருஷம் அது பாளை விட்டபோது, "பாத்தியா, நீ போட்ட உப்பு" என்று காட்டினேன். "வச்சது அய்யா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

அதே வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சவுக்கு நாற்றுக் கொடுத்து, புயலில் மொட்டையாகிப்போன கரையில் நடச் சொன்னார்கள். ஊரே கூடி நின்று பார்த்தது, நானும் போயிருந்தேன். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு குழி தோண்டினார்கள். என் மகள் தன் நாற்றைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் நீட்டி, "இதையும் நீயே நட்டுரு. ஏங்கை பட்டா பட்டுப்போகும்" என்றாள். அழுகையும் இல்லை, வருத்தமும் இல்லை. தனக்கு இடதுகைப் பழக்கம் என்று ஒருத்தி சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நான் பக்கத்தில் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். கிட்டப் போனதும், "கையைக் கழுவிட்டுச் சாப்பிட வா" என்றேன். அவள் கையில் மண்ணே இல்லை.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். உப்புப் போட்டவள் அவள்தான், இத்தனை வருஷமாகத் தாகத்தோடு இருக்கிறவள் நான். மதினியும் போய்விட்டார், அண்ணனும் போய்விட்டார், அவள் அய்யாவும் போய்விட்டார். தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். நானும் போய்விட்டால் அவள் கடைசிவரை அந்தக் கையை அப்படியே நம்பிக்கொண்டிருப்பாள். போன வாரம் அவள் மகன் ஏதோ ஒரு விதையைக் கொண்டுவந்து நீட்டினான். வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் இல்லை. அவள் வாசிப்பாள்.

உன் கொடி பூத்தது, மகளே. கார்த்திகையிலேயே பூத்தது. உன் கையில் ஒரு குறையும் இல்லை. நீ எழுந்து வருவதற்கு முன்னால் உன் அத்தை தினமும் கிள்ளினார். கிள்ளச் சொன்னது நான்.